பன்மாகேசுவரர் காவல்
வேளச்சேரித் திருக்கோயிலும் பழமை பேணும் சபைகளும்

திருக்கோயிலைச் சிவனெனவே கண்டு வழிபடுதல் சைவசித்தாந்தத்தின் துணிபு. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கி மெய்யுணர்ந்த சீவன்முத்தர்க்கும் அடியார் திருவேடமும் திருக்கோயிலும் வழிபடற்குரியன என விதித்து நூலை முடிக்கின்றது. அங்ஙனமாயின், அத்திருக்கோயிலைப் பேணுங் கடமையும் வழிபாட்டின் ஒரு கூறேயாதல் தெளிவு. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் சரியைத் தொண்டாயினவாறு போலவே, கோயிலின் நிலத்தையும் கணக்கையும் கல்லெழுத்தையும் காத்தலும் சரியைத் தொண்டேயாம். இத்தொண்டைத் தனியொருவர் செய்து முடித்தல் அரிது. ஆதலின் ஊரவரிற் சிலர் கூடிய சபையே பண்டுதொட்டு அதனைச் செய்து வந்தது. அச்சபை எம்முறையால் நின்றவழிப் பழமை நிலைத்தது, எம்முறை பிறழ்ந்தவழி அழிந்தது என்பதனை, வேளச்சேரியை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

வேளச்சேரி, திருமயிலைக்கும் திருவான்மியூர்க்கும் மேற்றிசையில் அமைந்த பழம்பதி. கல்வெட்டுக்களில் இது வெளிச்சேரி என வழங்கும். இங்கே தண்டீசுவரர் கருணாம்பிகையாரோடு எழுந்தருளியுள்ளார். மார்க்கண்டேயர் பொருட்டுக் காலனைக் காலால் உதைத்த ஞான்று அவன் தன் தண்டத்தை இழந்தான் என்றும், இத்தலத்து இறைவனை வழிபட்டு அதனை மீளப் பெற்றான் என்றும் தலவரலாறு கூறும். இத்திருக்கோயிலிலும், எழுவர் கன்னியர் உருவங்களையுடைய செல்லியம்மன் கோயிலிலும், பத்தாம் நூற்றாண்டு முதலாகச் சோழர்காலக் கல்வெட்டுக்கள் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் இவ்விடத்தே ஊரும், கோயிலும், கோயிலைப் புரக்கும் ஏற்பாடும் இருந்தன என்பதற்கு இக்கற்களே சான்று.

இன்றைய வேளச்சேரியைக் காண்பார்க்கு இப்பழமை எளிதிற் புலப்படாது. ஏரியும் வயலுஞ் சூழ்ந்திருந்த சிற்றூர், சில பதிற்றாண்டுகளுள் பெருநகரின் அங்கமாயிற்று. 2007ஆம் ஆண்டில் பறக்கும் இரயில் இவ்வூர்வரை வந்தது. ஏறத்தாழ 265 ஏக்கர் பரப்பினதாயிருந்த ஏரி, சாலையும் குடியிருப்பும் புகுந்தமையால் சுருங்கி, ஏறத்தாழ 55 ஏக்கர் அளவினதாயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பெய்த பெருமழையில் வெள்ளத்தாற் பெரிதும் இடருற்ற பகுதிகளுள் வேளச்சேரியும் ஒன்று. ஊரின் பழைய உறுப்புக்களில் ஏரி இங்ஙனங் குறைய, கோயிலும் அதன் கல்லெழுத்துமே முன்னிருந்த ஊரை அறிவிக்குங் கருவிகளாய் எஞ்சி நிற்கின்றன. அவற்றையும் இழப்பின், இவ்வூர் நேற்றுத் தோன்றியது என்று கூறுவார்க்கு மறுமொழி கூறச் சான்றின்றி முடியும்.

இனி, கோயிற்பொருளைக் காத்தற்குச் சைவமரபு வகுத்த முறையை நோக்குவாம். சிவாலயத்துப் பொருட்கெல்லாம் மூலபண்டாரியாய் நிற்பவர் சண்டேசுவர நாயனார். சோழர்காலத்துச் சிவன் கோயில்களில் நிலம் விற்றலும் கொள்ளுதலும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே நிகழ்ந்தன. ஆணையோலைகளும் அவர் பெயரால் வெளிப்பட்டன. இவர்க்குத் தண்டீசர் என்னும் பெயரும் உண்டு. அது கொண்டு வேளச்சேரி இறைவர் திருநாமத்திற்கும் இவர்க்கும் தொடர்பு துணிதல் கூடாது. தலவரலாறு வேறு காரணங் கூறுதலின் பெயரொப்புமை மாத்திரையே கொள்க. ஈண்டு நாம் கருதற்பாலது வேறொன்று. கோயிற்பொருள் ஆள்வோர் எவருடைய உடைமையும் அன்று. ஆள்வார் அனைவரும் சண்டேசுவரர்க்குக் கணக்குக் காட்டக் கடவர் என்னுங் கொள்கையே அது. இன்றும் வழிபடுவோர் சண்டேசுவரர் திருமுன் கைகளைத் தட்டித் தாம் ஒன்றுங் கொண்டுபோகவில்லை என அறிவித்துச் செல்லும் வழக்கம், இக்கொள்கையின் நிழலே என்னலாம்.

கல்வெட்டுக்களின் இறுதியில் 'இது பன்மாகேசுவர ரக்ஷை' என்று எழுதுதல் மற்றொரு மரபு. பன்மாகேசுவரராவார் சிவனடியார் அனைவரும். மன்னன் கொடுத்தான்; சபையார் எழுதினர்; தச்சன் வெட்டினான்; ஆயின், காவல் எவர்பாலது? அரசன்பாலதென்று எழுதவில்லை, சபையார்பாலது என்றும் எழுதவில்லை. மாகேசுவரர் அனைவர்பாலும் அதனை ஒப்புவித்தனர். அரசு மாறும், சபையும் மாறும், அடியார் கூட்டம் என்றும் உளதாம் என்பது அவர்தங் கருத்துப் போலும். ஆகவே சபையென்பது அவ்வடியார் கூட்டத்தின் பொருட்டுச் சிலகாலம் பணிபுரியும் கைபோல்வது. காவலுக்கு உரியார் அடியார் அனைவருமே என்க.

அக்கை எங்ஙனம் இயங்கிற்று என்பதை விரிவாக அறிதற்குத் தொண்டைமண்டலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களே தலைசிறந்த கருவி. முதற் பராந்தகசோழனது 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில், அவ்வூர் மகாசபையார் வாரியங்களைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டுவித்தனர். ஊர் 30 குடும்பு என்னும் பகுதிகளாய்ப் பிரிக்கப்பட்டது. சம்வற்சரவாரியத்திற்குப் பன்னிருவரும், தோட்டவாரியத்திற்குப் பன்னிருவரும், ஏரிவாரியத்திற்கு அறுவரும் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டனர். பஞ்சவாரவாரியம், பொன்வாரியம் என்பனவும் இருந்தன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபையார் நடுவே, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும். அதனை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசித்தல் வேண்டும். ஒளித்தற்கும் மாற்றுதற்கும் இடமின்மையை இவ்விதி எத்துணை நுட்பமாகக் கருதிற்று என்பது நோக்கற்பாலது.

வாரியத்தார்க்குரிய காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தார் மீளவும் வருதல் கூடாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் என்றும் தகுதியிலர். அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியிலர். பிறர்பொருள் கவர்ந்தாரும் விலக்கப்பட்டனர். இவ்விதிகளுள் மிக வியக்கத்தக்கது இன்னொன்று. 919இல் எழுதிய விதியில் அகவை வரம்பு 30 முதல் 60 வரை என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதனை 35 முதல் 70 வரை எனத் திருத்தியதோடு, விலக்கப்பட்டார் நிரலையும் விரித்து மீண்டும் கல்லில் வெட்டினர். கல்லில் எழுதியதையும் குறை கண்டவழித் திருத்தத் தயங்கிற்றிலர். திருத்தியதையும் முன்னதன் பக்கலிலேயே ஊரறிய எழுதினர்.

இச்சபையைக் குறைவற்றதெனக் கொள்ளுதலும் உண்மைக்கு ஒவ்வாது. இறைநிலமும் சொந்தமனையில் வீடும் உடையராய், மந்திரபிராமணம் வல்லராய் ஓதுவிக்க அறிந்தாரே குடவோலைக்கு உரியர். அவ்வூரில் உழுதாரும், தொழில்செய்தாரும், பெண்டிரும் அதில் இடம்பெற்றிலர். பன்மாகேசுவரர் என்னும் சொல்லின் அகலத்திற்குச் சபையின் வாயில் ஈடாகவில்லை. 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவு உரிமைச் சட்டமும், அறங்காவலர் குழுவில் பட்டியல் வகுப்பினர்க்கும் பெண்டிர்க்கும் இடம் வகுத்த பிற்காலச் சட்டவிதியும் அக்குறையைத் தீர்க்க முயன்றன. ஆதலின் பழைய சபையினிடத்து நாம் கொள்ளற்பாலன காலவரையும், கணக்கும், வெளிப்படையுமே.

நிற்க. சபையின் நேர்மை மட்டுமே பழமையைக் காக்கப் போதாது; செயல்முறையும் அறிதல் வேண்டும். கோயிற் பழமைக்குக் கேடு பகைவராலேயே வரும் எனப் பலர் கருதுவர். பெரும்பான்மை அஃது அங்ஙனமன்று. அன்பர் திருப்பணியே பழமைக்குப் பேரிடராவதும் உண்டு. பழஞ்சுவரைப் பிரித்துப் புதுச்சுவர் எழுப்புவார், தளத்தைப் பெயர்த்துப் பளிங்கு பதிப்பார், கல்லின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசுவார், மணலை விசையோடு வீசிக் கல்லைத் துலக்குவார் எல்லாரும் அன்பினாலேயே அது செய்கின்றனர். அழியும் எழுத்து இன்னதென அறியாமையே குற்றம். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்தல் வேண்டுமென்பது வழக்காதலின், ஒவ்வொரு குடமுழுக்கும் கல்வெட்டுக்களுக்கு ஒரு சோதனைக் காலமாகின்றது.

அன்பும் அறிவும் ஒருங்கே நிகழ்தற்கு முன்னோர் காட்டிய வழி ஒன்றுளது. திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழரின் தேவியாரும், உத்தமசோழனின் தாயாருமாகிய செம்பியன் மாதேவியார், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கிய பெருமாட்டி. காவிரியின் வடகரைத் திருக்கோடிகாவில் அவர் கற்றளி எடுப்பித்தபோது, அங்கே சிதறிக் கிடந்த பழைய கற்களில் இருந்த எழுத்துக்களைப் படியெடுப்பித்துப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்னுங் குறிப்போடு அவை இன்றும் அங்கே விளங்குகின்றன. தமக்கு முந்திய பல்லவர் காலத்துக் கொடைகளையும் அவர் காத்தார். கொடுத்தார் பிற குலத்தரசர். காத்தார் சோழ குலத்து அரசியார். வேலூரை அடுத்த திருவல்லத்திலும், மண்டபத்தைப் பிரித்துக் கட்டுமுன் அங்கிருந்த கல்வெட்டின் படியென்று கூறும் கல்வெட்டு உண்டு. பழையது என்றும் படி என்றும் வெளிப்பட எழுதிய அந்நேர்மையை நோக்குக. படிக்கும் மூலத்திற்கும் வேறுபாடு காட்டுதல் இக்காலத்து ஆராய்ச்சியாளர்க்கே உரியது என்பார் இதனை அறிதல் வேண்டும்.

கல்லேயன்றி ஓசையும் இம்முறையாற் காக்கப்பட்டது. முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிப்பார் இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் விதித்தான். அவருள் இறந்தார்க்கும் ஊர்விட்டுச் சென்றார்க்கும் ஈடாக உறவினரிற் பாடவல்லார் புகுதல் வேண்டும் என்றும், உறவினர் வல்லுநரல்லராயின் தகுதியுடைய பிறரைப் புகுத்துக என்றும் அக்கல்வெட்டு கூறும். பாடுவார் மாறினும் பாட்டு இடையறாதிருக்க வேண்டும் என்பதே கருத்து.

இவ்வேற்பாடுகள் தளர்ந்த பிற்காலத்தில் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவாம். ஆங்கில ஆட்சியில், 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி கோயிலறங்களை வருவாய்க் கழகத்தின் மேற்பார்வையில் வைத்தது. பின்னர் அரசாங்கம் அப்பொறுப்பினின்றும் விலகிற்று. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அவ்விடத்தை நிரப்பத் தேவஸ்தானக் கமிட்டிகளை நிறுவிற்று. கமிட்டியில் மூவர்க்குக் குறையாது இருத்தல் வேண்டும். அவர் அச்சமயத்தவராதல் வேண்டும். கோயிலில் ஈடுபாடுடையார் விருப்பத்தையும் தழுவி அவரை நியமித்தல் வேண்டும். இவையெல்லாம் நல்விதிகளே. ஆயினும் அச்சட்டம் ஒன்று செய்தது: தகாதவொழுக்கமோ தகுதியின்மையோ பற்றி நீக்கப்பட்டாலன்றி, உறுப்பினர் பதவி ஆயுட்காலத்தது என்றாக்கிற்று. கணக்கு ஆண்டுதோறும் வேண்டுமென விதித்தும், அதனைக் கேட்டு ஆராய்தற்கு மேலே ஓர் அமைப்பை வைத்திலது; குறையுடையார் நீதிமன்றம் ஏறுதலே வழியாயிற்று. உத்தரமேரூரார் 360 நாள் என வரைந்த இடத்தில் வாழ்நாள் முழுதும் என வரைந்தமையின் பயன் என்னை? கோயில் நிலங்கள் கைமாறின என்றும், கணக்குக்கள் காணப்படவில்லை என்றும் முறையீடு பெருகிற்று. அதன் விளைவே 1925ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும், அதன்வழி அமைந்த அறநிலையக் கழகமும். அது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் துறையாயிற்று; இப்போது நிகழ்வது 1959ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம். வேளச்சேரித் தண்டீசுவரர் கோயிலும் அத்துறையின் கீழதே.

துறை ஏற்பட்டது பொருளைக் காத்தற்கு. பழமையைக் காத்தல் என்னும் நோக்கம் சட்டத்தில் வலுப்பெறப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. தென்னிந்தியக் கல்வெட்டுக்களைப் படியெடுத்து வெளியிடும் பணி 1886இல் உல்ச்சு என்பார் நியமனம் பெற்றதோடு தொடங்கி, முதற்றொகுதி 1890இல் வெளிவந்தது. ஆயினும் படியெடுப்பார் ஒரு துறையினர், கோயில் ஆள்வார் மற்றொரு துறையினர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமையே நெடுங்காலம் நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டில் நாளிதழொன்றில் வெளிவந்த கடிதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே வழக்காக எடுத்துக்கொண்டு, 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பு வழங்கிற்று. பதினேழு உறுப்பினர் கொண்ட மரபுச் சின்ன ஆணையம் ஒன்றை அமைத்தலும் அவற்றுள் ஒன்று. அத்தகைய ஆணையத்தை நிறுவுஞ் சட்டம் 2012ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் இயற்றப்பட்டிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2024ஆம் ஆண்டு மார்ச்சு முதல்நாள். சட்டம் எழுதுதற்கும் செயற்படுதற்கும் இடையே பன்னிரண்டாண்டு கழிந்தன. ஒரு குடமுழுக்கிற்கும் அடுத்த குடமுழுக்கிற்கும் இடைப்பட்ட காலமும் அதுவே என்பதை எண்ணும்போது, இத்தாழ்ப்பின் விலை விளங்கும்.

இக்காலத்தில் திருப்பணிக்குமுன் மண்டல அளவிலும் மாநில அளவிலும் வல்லுநர் குழுக்கள் ஆராய்ந்து இசைவளித்தல் வேண்டும் என்னும் முறையும் நிலவுகின்றது. ஆகம வல்லாரும், தபதியரும், தொல்லியலாரும், கட்டடக்கலை அறிந்தாரும் ஒருங்கிருந்து நோக்குதல் நன்றே. ஆயினும் வல்லுநர் ஒருநாள் வந்து காண்பர். ஆண்டு முழுதும் கோயிலுள் நிற்பார் ஊரார். தூணை மறைத்துப் பலகை நாட்டும்போதும், எழுத்துள்ள கல்லைப் படியாக்கும்போதும், உடனிருந்து 'நிற்க' என்று சொல்லக்கூடியவர் அவரே. ஆதலின் மாநில ஆணையம் எத்துணை வலியுடையதாயினும், ஊரிடத்து ஒரு சபையின்றி அதன் கண் காணாது, கை நீளாது.

'கோயில் காட்சிச்சாலையன்று, சிவபெருமான் எழுந்தருளியுள்ள இடம். இடிந்ததைப் புதுக்காது எழுத்தைக் காத்திருத்தல் வழிபாட்டுக்கு இடையூறாம்' என ஒருசாரார் தடைநிகழ்த்துவர். புதுக்குதல் வேண்டும் என்பதில் எமக்கும் உடன்பாடே. சீர்ணோத்தாரணம் ஆகமம் விதித்தது. செம்பியன் மாதேவியாரும் பழங்கோயிலைப் பிரித்தே கற்றளி எடுத்தார். அவர் செய்ததும் நாம் வேண்டுவதும் ஒன்றே: பிரிக்குமுன் படித்தல், படித்ததைப் பதிதல், பதிந்ததைப் புதியதில் மீள வைத்தல். கல்வெட்டும் வழிபாட்டுக்குப் புறம்பானதன்று. இன்ன நிலத்தின் விளைவால் இன்ன விளக்கு எரிக என்று அடியாரொருவர் இறைவனுக்குச் செய்த விண்ணப்பமே அது. அதனை அழித்தல், அவர் ஏற்றிய விளக்கை இரண்டாமுறை அவித்தலாம்.

மேற்கூறியவற்றால், ஊர்ச்சபை செய்யற்பாலன நான்கு எனத் தொகுக்கலாம். முதலாவது, கோயிலிலுள்ள எழுத்தும், திருமேனியும், தனிக்கற்களும் இன்ன இடத்தில் இன்ன நிலையில் உள்ளன என நிரல்படுத்திப் படமெடுத்து, அந்நிரலை ஊரார் எவரும் காணுமாறு வைத்தல். இரண்டாவது, எப்பணியும் தொடங்குமுன் படியெடுத்தல். அகற்றிய கல்லை இன்ன இடத்தது என அடையாளமிட்டுக் காத்தல். மூன்றாவது, வரவும் செலவும், செய்த பணியும் செய்யாது விடுத்த பணியும் ஆண்டுதோறும் திருமுன்றிலில் வாசித்தல். நான்காவது, குறித்த காலம் முடிந்தவுடன் பிறர்க்கு இடங்கொடுத்து விலகல். விலகுமுன் தம் நிரலையும் கணக்கையும் அடுத்தார் கையில் ஒப்புவித்தல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா.

வேளச்சேரியில் இப்பணி இன்னும் ஒரு காரணம் பற்றி இன்றியமையாதது. அங்கே வாழ்வாரிற் பெரும்பாலார் பல ஊர்களினின்றும் பிழைப்பு நாடிக் குடிவந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கேட்டறிந்த வாய்வழக்கு அவரிடம் இல்லை. ஊரின் பழமையை அவர்க்குச் சொல்லவல்லவை கற்களே. ஏரிவாரியம் இன்மையால் ஏரி குறுகியதைக் கண்டோம். கோயிலைப் பொறுத்தும் அவ்வாறு நேராதிருத்தல் வேண்டும். பன்மாகேசுவரர் என்னும் சொல்லில் பழங்குடி, வந்தேறி என்னும் பாகுபாடு இல்லை. நேற்று வந்து இன்று கோபுரங் கண்டு கைகூப்பினவரும் அச்சொல்லுள் அடங்குவர். ஆகவே காவலுக்கும் உரியராவர்.

கல்வெட்டின் இறுதியில், இவ்வறத்தைக் காத்தார் திருவடி தம் தலைமேலன என்று கொடையாளர் எழுதுதல் மரபு. கொடுத்தவர் மறைந்து ஆயிரம் ஆண்டாயின. பிற்காலத்தில் யார் காப்பாரோ என அறியாமலே, காப்பார் திருவடியைத் தம் முடிமேற் சூடிச் சென்றனர். அங்ஙனம் அவர் வணங்கியது நம்மையே. அவ்வணக்கத்திற்குத் தகுதியுடையராதல் நம் கடன். அன்பர்கள் தத்தம் ஊர்க்கோயிற் கல்லெழுத்தை ஒருமுறையேனும் நின்று நோக்கி, அதன் காவலைத் தம்மதாக ஏற்பாராக.

திருச்சிற்றம்பலம்